நாக்கைத் தூக்கு

பொம்மசந்திராவுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தினமும் காலையில் ஒரு வைத்தியம் நடந்தது. அல்சூர் ஏரிக்கரை நிறுத்தத்தில் பெருமாள்சாமி ஏறுவான். முந்தைய நிறுத்தத்திலேயே ஏறிவிட்ட முனிகிருஷ்ணன், பக்கத்து இருக்கையில் இடம் பிடித்து வைத்திருக்கும் துண்டை எடுப்பான். பெருமாள்சாமியின் மனைவி கட்டிக் கொடுத்த இரண்டு டப்பாக்களைத் திறந்து இருவரும் இட்லியை முடிப்பார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டப்பா மூடியதும் முனிகிருஷ்ணன் ஒரு மாத்திரையைப் பெருமாள்சாமியின் உள்ளங்கையில் வைப்பான். ஒரு மடக்குத் தண்ணீர். தொண்டை ஏறி இறங்கும்.

"நாக்கைத் தூக்கு."

பெருமாள்சாமி வாயைப் பிளந்து நாக்கைத் தூக்குவான். முனிகிருஷ்ணன் குனிந்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவனைப் போல உள்ளே இடமும் வலமும் நோட்டம் விட்டு, "ஆய்த்து, முடிஞ்சுது" என்பான். பிறகு முறை மாறும். ஒருவன் மாத்திரை இன்னொருவனிடம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தன் மாத்திரையைத் தானே வைத்துக்கொண்டால் அதைச் சாக்கடைதான் விழுங்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

பின் இருக்கை வெல்டிங் பையன்களுக்கு இது இலவச சர்க்கஸ்.

"அண்ணே, இன்னிக்கு நாக்கு எப்பிடி?"

"உன் மூஞ்சிய விட சுத்தமா கீதுடா," என்பான் முனிகிருஷ்ணன், திரும்பிப் பார்க்காமலே.

இருவருக்கும் வியாதி ஒன்றுதான். குதிரை. பதினைந்து வருஷமாக ஒரே டிக்கெட்டில் பாதி பாதி போட்டு ஆடியவர்கள். ஜெயித்த கூட்டாளிகள் பிரிந்துபோவது உலக வழக்கம். இவர்கள் பெரும்பாலும் தோற்றதால் நட்பு பலமாக இருந்தது. முனிகிருஷ்ணனின் மனைவி ஒரு ரேஸ் சீசனின் நடுவில் பங்காரப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போனாள். சீசன் முடிந்ததும் அழைத்துவரப் போனான். அவளுக்கும் சீசன் முடிந்துவிட்டிருந்தது. அன்று முதல் அவன் ஒற்றை அறையில் தனியாக இருந்தான்.

பெருமாள்சாமியின் மனைவி சங்கமித்ரா கே.ஜி.எஃப்.காரி. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே புத்த சங்கமும் நடத்திய அப்பா வைத்த பெயர் அது. அந்த அப்பா இறந்த அன்று பெருமாள்சாமியை எங்கும் காணோம். அடக்கம் முடிந்து ஊரே திரும்பிக்கொண்டிருந்தபோது, சுருட்டிய ரேஸ் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி எதிரே வந்தான். ஊர் ஒதுங்கி வழி விட்டது. அவன் மச்சினன் மட்டும், "மாமா, எந்தக் குதிரை வந்துச்சு?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

சங்கமித்ரா பதினாறாம் நாள் வரை பேசவில்லை. பிறகு துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நான் சண்டை போடல. இன்னொரு தபா நீ அங்க போய் ஆடினா, திரும்பி வரும்போது நானும் பொண்ணும் கே.ஜி.எஃப்.ல இருப்போம். அவ்ளோதான்."

சத்தம் போட்டிருந்தால் பெருமாள்சாமிக்குத் தைரியமாக இருந்திருக்கும். அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

அப்படித்தான் அவன் ரிச்சர்ட்ஸ் டவுனில், பழைய பங்களா ஒன்றின் முன்னறையில் மனநல கிளினிக் நடத்தும் டாக்டர் பியாட்ரிஸிடம் போய்ச் சேர்ந்தான். தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் முனிகிருஷ்ணனையும் கூட்டிப் போனான். ரேஸுக்குத் துணையாக வந்தவன் வைத்தியத்துக்கும் துணையாக வந்தான். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே இருக்கும் நோயாளி அடுத்த ஐந்து நிமிஷத்துக்குள் வெளியே வருவாரா மாட்டாரா என்று இருவரும் பழக்கதோஷத்தில் பந்தயம் கட்டினார்கள்.

டாக்டர் பேச்சில் சர்க்கரை தடவுகிறவர் இல்லை.

"இது நால்ட்ரெக்ஸோன். மெயினா குடிக்கிறவங்களுக்குக் குடுக்கிறது. குதிரை ஓடறப்ப உள்ள ஜிவ்வுன்னு ஏறுதில்ல? அந்த ஜிவ்வைக் கொஞ்சம் அமுக்கும். ஃபாரின்ல சூதாடறவங்களுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. சிலருக்குக் கேக்குது. எல்லாருக்கும் கேக்கும்னு பைபிள் மேல கை வைக்க மாட்டேன். லிவர் டெஸ்ட் எடுக்கணும். மாசா மாசம் வந்து என்கிட்ட உக்காந்து பேசணும். முக்கியமா, தினம் ஒருத்தர் கண்ணு முன்னால முழுங்கணும். வீட்ல யார் குடுப்பாங்க?"

பெருமாள்சாமி நெளிந்தான். சங்கமித்ரா கார்மெண்ட்ஸில் செக்கிங் பிரிவு. காலரில் ஒரு தையல் விலகி நின்றால் பத்தடி தள்ளியிருந்தே கண்டுபிடித்துச் சட்டையைத் தூக்கி எறிகிறவள்.

"நாள் பூரா குத்தம் கண்டுபிடிக்கிறவ டாக்டர். என் வாயிலயும் ஆரம்பிச்சா தாங்காது."

"அப்போ?"

"நானே இவனுக்குக் குடுக்கறேன், இவன் எனக்குக் குடுக்கட்டும்," என்றான் முனிகிருஷ்ணன்.

"ரெண்டு பேரும் பேஷண்ட். ஒருத்தருக்கு ஒருத்தர் வாட்ச்மேனா? எந்த ஊர் நியாயம் இது?"

"டாக்டரம்மா, இவன் என்னை ஏமாத்தவே முடியாது. இவனுக்குத் தெரிஞ்ச ஏமாத்தற வழியெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். மறுத்தால் இருவரும் திரும்ப வரமாட்டார்கள் என்று நினைத்து ஒப்புக்கொண்டார். முனிகிருஷ்ணன் அன்று சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

முதல் வாரம் பெருமாள்சாமிக்குக் குமட்டியது. தலை சுற்றியது. முனிகிருஷ்ணன் ஒரு நாள் மடிவாளாவில் பஸ் ஜன்னல் வழியாகவே வாந்தி எடுத்தான். பிறகு குமட்டல் நின்றது. அதே சமயத்தில் இரண்டு மாறுதல்கள் நடந்தன. மாத்திரைப் பட்டையைப் பிய்க்கும் சத்தத்துக்கு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது என்று முனிகிருஷ்ணன் மாத்திரைகளை முன்கூட்டியே உரித்து ஒரு சின்ன டப்பியில் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினான். பெருமாள்சாமிக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போகத் தொடங்கியது. சாதாரண மஞ்சள் இல்லை. ஆரத்தித் தட்டுக்குக் கரைத்த மாதிரி மஞ்சள்.

முதல் நாள் பயந்தான். நண்பனிடம் காதோடு சொன்னான்.

"எனக்கும் அப்பிடித்தான் குரு," என்றான் முனிகிருஷ்ணன், கண் இமைக்காமல். "மஞ்சளா போச்சுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பதினஞ்சு வருஷத்து விஷம். ஒரே நாள்ல எறங்குமா?"

அதற்கப்புறம் பெருமாள்சாமி தினமும் காலையில் கழிவறையில் நின்று அந்த நிறத்தைத் திருப்தியோடு பார்த்தான். குதிரைகள் ஒவ்வொன்றாக உடம்பை விட்டு இறங்கிப் போவதாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கப்பன் பார்க்குக்குக் கூட்டிப் போனான். ரேஸ் பக்கத்தைத் திறக்காமலே பேப்பரை மடித்து வைக்க முடிந்தது. மனசு ஏதாவது முனகினால், 'உனக்குத்தான் மாத்திரை போட்டாச்சே' என்று அதை அடக்கிவிடுவான். அது வாயை மூடிக்கொள்ளும். ஒரு மாத்திரைக்கு இவ்வளவு கீழ்ப்படிகிற மனசு, பதினைந்து வருஷமாக யார் சொல்லியும் கேட்காதது ஆச்சரியம்தான்.

சங்கமித்ராவும் மெல்ல மெல்ல இறங்கிவந்தாள். முனிகிருஷ்ணனை 'அண்ணா' என்று கூப்பிடத் தொடங்கினாள். புத்த பூர்ணிமாவுக்குச் செய்த பாயசத்தில் ஒரு தூக்கு அவன் அறைக்குப் போனது. "அந்த மனுஷன் இல்லாட்டி நீ தேறியிருக்க மாட்டே," என்றாள். பெருமாள்சாமியும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் டாக்டரைப் பார்க்கும் முறை. ஓவர்டைம் இருக்கிறது என்று முனிகிருஷ்ணன் நழுவிக்கொண்டான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்கான மாத்திரையை, வழக்கம்போல, காகிதத்தில் மடித்துக் கொடுத்து அனுப்பினான். பெருமாள்சாமி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகவே ரிச்சர்ட்ஸ் டவுன் போனான்.

"எப்படி இருக்கீங்க பெருமாள்சாமி?"

"சூப்பரா இருக்கேன் டாக்டர். அந்தப் பக்கமே நெனப்பு போவல." பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இன்னும் மஞ்சளாத்தான் போவுது. விஷம் முழுசா எறங்கின பிறகு மாத்திரைய நிறுத்திடலாமா?"

டாக்டரின் பேனா நின்றது.

"என்ன மஞ்சள்?"

சொன்னான். நிறத்தை விளக்க அவர் மேஜை மேலிருந்த நெகிழிச் சாமந்தியைக் காட்டினான். டாக்டர் எழுந்து வந்து அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அவன் பழக்கத்தில் தூக்கினான். வயிற்றை அமுக்கினார். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையை எடுத்து மறுபடி படித்தார்.

"லிவர் நல்லா இருக்கு. காமாலை இல்ல. இந்த மாத்திரைக்கு அப்படிப் போகாது. வேற என்ன சாப்பிடறீங்க? டானிக், நாட்டு மருந்து?"

"ஒன்னும் இல்ல டாக்டர். இது ஒன்னுதான்." பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.

டாக்டர் பியாட்ரிஸ் காகிதத்தைப் பிரித்தார். மாத்திரையை விரலில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். 

"பெருமாள்சாமி, இது பி காம்ப்ளெக்ஸ்."

"அப்பிடின்னா?"

"சத்து மாத்திரை. பாக்க அதே மாதிரிதான் இருக்கும். வாய்ப்புண் வந்தா குடுப்போமே, அது. அதுக்குத்தான் மஞ்சளா போகும்."

மருந்துக் கடைக்காரன் மாற்றிக் கொடுத்திருப்பான் என்றான் பெருமாள்சாமி. பட்டையில் பெயர் இருக்குமே, உரித்தது யார் என்று டாக்டர் கேட்டார். அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. டப்பி கண் முன்னால் வந்து நின்றது.

"நான் பண்ணின தப்பு இது," என்றார் டாக்டர். "அன்னைக்கு ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது. இங்க பாருங்க. நிஜ மாத்திரை எழுதறேன். நாளையிலேருந்து மனைவி கையால. உடனே வேலை செய்யாது, கொஞ்ச நாள் ஆகும். ஆனா ஒன்னு சொல்றேன். இத்தனை மாசம் நீங்க ஆடல. அது உண்மை. அதை யாரும் உங்களுக்கு வைட்டமின்ல கலந்து குடுக்கல."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் பெருமாள்சாமிக்கு அது வேறு மாதிரி கேட்டது. மாத்திரை இல்லை என்றால் உள்ளே எதுவும் சாகவில்லை. ஒரு குதிரைகூட இறங்கிப் போகவில்லை. எல்லாம் லாயத்தில் கட்டிக் கிடந்து கொள்ளு தின்றுகொண்டிருந்திருக்கின்றன. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அல்சூருக்கு நடந்தே வந்தான். வழியெல்லாம் அவை கனைத்தன. நாளை ஞாயிறு, நாளை ரேஸ் என்று ஞாபகம் வந்தது. அதை யாரும் நினைவூட்டத் தேவையில்லாமல் தானாகவே வந்தது.

முனிகிருஷ்ணனின் போன் அணைத்துக் கிடந்தது. ஓவர்டைம் பார்க்கும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். "ஓவர்டைமா? இந்த மாசமே கெடையாதேப்பா," என்றார் அவர்.

சங்கமித்ரா முழுதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் சமையலறைக்குப் போய் முனிகிருஷ்ணனுடைய டிபன் டப்பாவை எடுத்து வந்தாள். அன்று காலை அவன் தின்று அனுப்பியது. ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததை மறுபடி கழுவினாள்.

"மூணு மாசம் இட்லி கட்டினேன்," என்றாள். "சட்னி ஒறைக்குதுன்னு சொன்னான்னு மொளகா கொறைச்சேன். உனக்கு அவன்கிட்ட வாயைத் தொறக்க வெக்கமில்ல. என்கிட்ட வெக்கம்."

"நாளைக்கு அவன் ரேஸ் கோர்ஸ்லதான் இருப்பான். போய்க் கேக்கணும் மித்ரா."

"கேக்கப் போறியா, ஆடப் போறியா?"

"கேக்கத்தான்."

அவள் கட்டிலடியிலிருந்து சூட்கேஸை இழுத்துக் கூடத்தில் வைத்தாள்.

"பஸ்ஸுக்கும் கேட் டிக்கெட்டுக்கும் மட்டும் காசு எடுத்துக்கினு போ. நான் இதை இங்க வெச்சிருக்கேன். நீ வர்றப்ப உன் மூஞ்சியப் பாத்து முடிவு பண்றேன்."

மறுநாள் காலை முதல் நிஜ மாத்திரையை அவள் கொடுத்தாள். நாக்கோடு நிறுத்தவில்லை. டார்ச் அடித்து, கன்னத்தை விரலால் விலக்கி, நான்கு மூலையும் பார்த்தாள். பின்புறம் பல் விழுந்த சந்து ஒன்று இருந்தால் ஒரு மாத்திரை தாராளமாக அதில் குடியிருக்கலாம் என்றாள். பெருமாள்சாமிக்கு அப்போதுதான் முனிகிருஷ்ணனின் கடைவாய்ப் பல் நினைவுக்கு வந்தது. போன வருஷம் பிடுங்கியது. பிடுங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவனே இவன்தான்.

ரேஸ் கோர்ஸில் எதுவும் மாறவில்லை. அதே வேலிக்கம்பி, அதே வேர்க்கடலைத் தோல், வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் அதே முகங்கள். முனிகிருஷ்ணன் அவர்களுடைய வழக்கமான இடத்தில், சுருட்டிய புத்தகத்தோடு நின்றிருந்தான். தன்னைப் பார்த்ததும் ஓடிவிடுவான் என்று எதிர்பார்த்துப் போயிருந்த பெருமாள்சாமிக்கு ஏமாற்றம். முனிகிருஷ்ணனின் முகம் கல்யாண வீட்டு வாசல் போல மலர்ந்தது. நகர்ந்து இடம் விட்டான்.

"வந்துட்டியா மச்சா. வருவேன்னு தெரியும்."

"நான் ஆட வரல."

"எல்லாரும் அப்பிடிச் சொல்லிகினுதான் உள்ள வராங்க."

"எனக்குக் குடுத்தது இன்னா மாத்திரை?"

முனிகிருஷ்ணன் ஒரு நொடி யோசித்தான். பொய் சொல்வதா என்று யோசிக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தான்.

"சத்து மாத்திரை. நல்ல கம்பெனிடா, மட்டமானது வாங்கல. உனக்குக் கன்னம் வெச்சிருக்கு, கண்ணாடில பாரு."

"எதுக்குடா?"

"முதல் வாரம் நான் நெஜமாவே முழுங்கினேன். வாந்தி எடுத்தனே, பாத்தியே. அந்த ஞாயித்துக்கெழமை உன்கிட்ட சொல்லாம இங்க வந்தேன். சுமனே, சும்மாத்தான் பாக்கலாம்னு. ஒரு குதிரை மேல போட்டேன். ஜெயிச்சுது குரு. முதலா வந்துச்சு. உள்ள ஒன்னுமே இல்ல. கரண்ட் பில் கட்டிட்டு வந்த மாதிரி இருந்துச்சு." அவன் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு வீட்ல யார் கீறா? இது ஒன்னுதான் கீது. இதையும் எடுத்துட்டா நான் எங்க போறது? அப்புறம் யோசிச்சேன். நீ முழுங்கினா நீயும் அப்பிடி ஆயிடுவே. அப்ப நான் யார் கூட நிக்கிறது?"

"டெய்லி நாக்கைத் தூக்கச் சொன்னியே. என்ன பாத்தே?"

"நாக்கு."

பெருமாள்சாமிக்கு அடிக்கக் கை வந்தது. ஆனால் அதற்குள் குமட்டியது. குமட்டல் மாத்திரையாலா, எதிரே நிற்பவனாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கோவப்படாதே. நீ மாத்திரை இல்லாமயே ஆடல பாரு. உனக்கு வியாதியே கெடையாது. நான் உனக்கு ஒரு கெடுதலும் பண்ணல," என்றான் முனிகிருஷ்ணன். பிறகு, இதைக் கேட்டால் நண்பன் சந்தோஷப்படுவான் என்ற நிச்சயத்தோடு, சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தான். "உன்னை விட்டுட்டு ஆடினேன்னு நெனைக்காதே. வாரா வாரம் உன் பாதியையும் சேத்துத்தான் போட்டேன். என் கையிலேருந்து. நம்ம கூட்டு அப்பிடியேதான் கீது. இன்னிக்கு மிஸ்டர் பஞ்சுவல் மேல."

பெருமாள்சாமிக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்படியென்றால் கப்பன் பார்க்கில் மகளுக்குச் சோளம் வாங்கிக் கொடுத்த ஞாயிறுகளிலும் பெருமாள்சாமியும் இங்கே ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். பேப்பரை மடித்து வைத்த நாளிலும். சங்கமித்ரா பாயசம் அனுப்பிய வாரத்திலும். அவன் ஆடாத ஒரு வாரம்கூட இல்லை. அவனைக் கேட்காமலே அவனைத் தோற்கவைத்துக்கொண்டே இருந்திருக்கிறான் இந்த ஆள்.

"எனக்கு வேணாம். என் பேர்ல இனிமே எதுவும் போடாதே."

டிக்கெட்டை அவன் பையிலேயே திருப்பிச் செருகினான். கிளம்பத் திரும்பினான். அப்போது கேட் திறந்து குதிரைகள் புறப்பட்டன.

காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. தூரத்து வளைவில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. நிலம் அதிர்வது செருப்பு வழியாக ஏறியது. கூட்டம் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்தது. மிஸ்டர் பஞ்சுவல் பெயருக்கு ஏற்ற குதிரை இல்லை, எப்போதும் தாமதம். கடைசி வளைவில் வெளிப்பக்கமாக அது மேலேறி வந்தது. பெருமாள்சாமியின் நெஞ்சுக்குள் லாயம் உடைந்தது.

"வா பஞ்சுவல்! வா! வா!"

யாரோ கத்துகிறான் என்று நினைத்தான். தொண்டை எரிந்தபோதுதான் அது தன்னுடையது என்று தெரிந்தது. பக்கத்தில் முனிகிருஷ்ணன் குதிரையைப் பார்க்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அத்தனை அன்பு.

"உன் கொரல் கேட்டுச்சா?" என்றான் மெதுவாக.

பெருமாள்சாமி வேலியைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்தான். முனிகிருஷ்ணன் செருப்பில் பாதி தெறித்தது. கூட்டம் எழுப்பிய ஓலத்தில் எந்தக் குதிரை வந்தது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தான்.

வீட்டில் சூட்கேஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. சங்கமித்ரா நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தை, தையல் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ஆடல," என்றான். "ஆனா கத்திட்டேன்."

"எந்தக் குதிரை?"

"மிஸ்டர் பஞ்சுவல்."

"வந்துச்சா?"

"பாக்கல."

அவன் நடந்ததையெல்லாம் சொன்னான், பாதிப் பங்கு உட்பட. அந்த இடம் வந்தபோது மட்டும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். கடைசியில் எழுந்து சூட்கேஸைக் காலால் கட்டிலடிக்குத் தள்ளினாள். முழுசாகத் தள்ளவில்லை. கைப்பிடி வெளியே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஒரே ஒரு டப்பாதான் கட்டினாள்.

கம்பெனி பஸ் வந்தது. மூன்றாவது வரிசையில் முனிகிருஷ்ணன் இடம் பிடித்து வைத்திருந்தான். செருப்பைக் கழுவியிருந்தான். பெருமாள்சாமி அந்த வரிசையைத் தாண்டாமல், முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு இருக்கை காலி இல்லை.

"கூத்கொள்ளி பெருமாள், சீட் இதெயல்லா," என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார் ஓட்டுநர் கோவிந்தப்பா, கண்ணாடியில் பார்த்து.

"பரவால்ல கோவிந்தப்பா. நிக்கறேன்."

இத்தனை மாதம் ஓடிய சர்க்கஸ் திடீரென்று நின்றதில் வெல்டிங் பையன்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"எவ்ளோ தூரம் நிப்பாரு?"

"மடிவாளா தாண்ட மாட்டாரு. டீ பந்தயம்."

"பொம்மனஹள்ளி வரைக்கும் தாங்கும். டீயோட வடை."

முனிகிருஷ்ணன் திரும்பினான். அவர்களிடம் பேசினாலும் பஸ்ஸுக்கே கேட்கிற குரலில் சொன்னான்: "பொம்மசந்திரா வரைக்கும் நிப்பான். ஒரு வாரத்து டீ என்னுது. பதினஞ்சு வருஷம் பக்கத்துல நின்னிருக்கேன், இவன் கால் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுப் பெருமாள்சாமியைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அதில் பெருமை இருந்தது. சமாதானமும் இருந்தது.

ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த வருஷம் அது. பஸ் ஆமையாக நகர்ந்தது. மடிவாளா போனது. ஒரு பையன் டீயை இழந்தான். பெருமாள்சாமியின் முழங்கால் கடுத்தது. நின்றால் முனிகிருஷ்ணன் ஜெயிப்பான். உட்கார்ந்தால் முனிகிருஷ்ணனின் பக்கத்தில் உட்கார வேண்டும். அதைவிட மோசமான ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. அவன் தலைக்குள் யாரோ, இந்தக் கால் எது வரை தாங்கும் என்று பந்தய விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பொம்மனஹள்ளிக்கு நல்ல விலை. பொம்மசந்திராவுக்கு அதைவிட நல்ல விலை. கணக்கு வேகமாகவும் சுத்தமாகவும் வந்தது. மூன்று மாத ஓய்வில் கொஞ்சம்கூடத் துருப்பிடிக்கவில்லை.

பொம்மனஹள்ளிக்கு முன்னால், நெரிசலில் பஸ் நின்றது.

"கோவிந்தப்பா, கதவைத் தொறங்க. எறங்கறேன்."

"இங்கியா? லேட் ஆகும்ப்பா. சம்பளம் கட் பண்ணுவாங்க."

"தொறங்க."

இறங்கினான். பின்னால் பஸ்ஸுக்குள் பெரிய தகராறு வெடித்தது.

"எறங்கினா யார் ஜெயிச்சது?"

"யாரும் இல்லடா. ரேஸ் கேன்சல்."

"எப்பிடி கேன்சல்? அவர் உக்காரவே இல்லியே!"

முனிகிருஷ்ணன் ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ சொன்னான். குழி தோண்டும் இயந்திரத்தின் சத்தத்தில் கேட்கவில்லை. முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. பஸ் நகர்ந்தது.

பெருமாள்சாமி டவுன் பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் நின்றான். பொம்மசந்திரா வழியாகப் போகிறதில் முதலில் ஆனேக்கல் பஸ் வருமா, அத்திப்பள்ளி பஸ் வருமா? ஆனேக்கல் என்றது மனசு, உடனே. விலையும் சொன்னது.

அவன் சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். எதிரே ஒரு பூட்டிய கடையின் ஷட்டரில் குழாய் விளம்பரம் எழுதியிருந்தது. அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தான். பிறகு மறுபடி படித்தான். எந்த ஊர் பஸ் என்று நடத்துநர் கத்துகிறவரைக்கும் அவன் திரும்பப்போவதில்லை.